ஆர்மி வண்டி மெக்கானிக் வெளியே வரும்போது: பென்ஷன், காயம், வேலை, ரக்பி வரை ஒரு வழிகாட்டி

இந்திய இராணுவத்தின் வண்டிகளையும் கருவிகளையும் பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் 17 வருடம் வண்டி மெக்கானிக்காக இருந்து ஹவில்தாராக வெளியே வந்தேன். ஸ்டாலியன் என்ற இராணுவ லாரியின் கியர்பாக்ஸை மழையில், டார்ச் வெளிச்சத்தில் இறக்கி ஏற்றியிருக்கிறேன். அது பெரிய கஷ்டமாகத் தெரிந்ததில்லை. வெளியே வந்த முதல் எட்டு மாதம்தான் என்னை அலைக்கழித்தது. அலைச்சல் முழுவதும் காகிதத்துக்காக. ஒரு எழுத்து, ஒரு இனிஷியல், பத்து வருடம் முன்பு யாரோ எழுதியிருக்க வேண்டிய ஒரு படிவம், அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு வருடத்தில் வெளியே வரப்போகிற வண்டி மெக்கானிக்குகளுக்காக இதை எழுதுகிறேன். யூனிட் அணியில் ரக்பி ஆடுபவர்கள் 2ஆம் படியைக் கட்டாயம் படியுங்கள். அக்னிவீரராகச் சேர்ந்து நான்கு வருடத்தில் வெளியே வருபவர்களுக்குப் பென்ஷனும் ஈ.சி.ஹெச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவ வசதியும் கிடையாது, மொத்தமாகக் கிடைக்கும் சேவா நிதிதான். அவர்களுக்கு 2, 3, 4, 8, 10 ஆகிய படிகள் பொருந்தும்.

1. ஒரு வருடம் முன்பே பெயரைச் சரிபாருங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு இது தனி வியாதி. வடக்கே இருப்பவருக்குப் பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கிறது. நமக்கு இருப்பது ஒரு பெயரும் ஒரு இனிஷியலும். சேரும் அன்று கிளார்க் கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொன்னோமோ அது சர்வீஸ் புத்தகத்தில் ஏறிவிடும். செந்தில் என்பவர் ரெக்கார்டில் ‘செந்தில் கே’, ஆதாரில் ‘கே. செந்தில்’, பான் கார்டில் ‘குப்புசாமி செந்தில்’ என்று மூன்று ஆளாக உலவுவார். சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை யாரும் இதைக் கவனிப்பதில்லை. பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் தளத்தில் ஏற்றும்போது இந்த மூன்று பேரும் ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியாது.

மனைவி பெயரில் சிக்கல் இன்னும் அதிகம். கல்யாணமான புதிதில் பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தை சர்வீஸ் ரெக்கார்டில் ஏற்றும் உத்தரவு) போட்டபோது அவருக்கு அப்பா இனிஷியல் இருந்திருக்கும். அப்புறம் ஆதாரில் உங்கள் இனிஷியலுக்கு மாறியிருப்பார். குடும்பப் பென்ஷன், ஈ.சி.ஹெச்.எஸ். அட்டை, கூட்டு வங்கிக் கணக்கு மூன்றிலும் இது இடிக்கும். என் விஷயத்தில் மனைவியின் பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறியிருந்தன. அதைத் திருத்த இரண்டு முறை ரயில் ஏறினேன். யூனிட்டில் இருக்கும்போதே பார்த்திருந்தால் ஒரு விண்ணப்பத்தோடு முடிந்திருக்கும்.

உட்கார்ந்து ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் நீங்கள், மனைவி, ஒவ்வொரு பிள்ளை, பெற்றோர். மேலே சர்வீஸ் ரெக்கார்ட், ஆதார், பான், வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ். ஒவ்வொரு கட்டத்திலும் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். மாறுவதைச் சிவப்பில் வட்டமிடுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்: ஆதாரை மாற்றுவது சுலபமா, ரெக்கார்டை மாற்றுவது சுலபமா? பெரும்பாலும் ஆதாரும் பானும்தான் சுலபம். ரெக்கார்டை மாற்ற உறுதிமொழிப் பத்திரம், பத்திரிகை விளம்பரம், யூனிட் வழியாக பார்ட் டூ ஆர்டர், அது செகந்திராபாத்தில் இருக்கும் இ.எம்.இ. ரெக்கார்ட்ஸுக்குப் போய்ப் பதிவாவது என்று வரிசையாகப் போகும். மாதக்கணக்கில் ஆகும்.

பிள்ளைகளின் பிறப்பு எல்லாம் பார்ட் டூ ஆர்டரில் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டாவது பிள்ளைக்கு மறந்துபோனவர்கள் என் பட்டாலியனிலேயே மூன்று பேர்.

2. காயங்களைக் காகிதத்தில் ஏற்றுங்கள்

ரக்பி ஆடுபவனுக்கு வலியைச் சொல்வதில் ஒரு கூச்சம் உண்டு. எனக்கும் இருந்தது. யூனிட்டுகளுக்கு இடையிலான ஒரு மேட்ச்சில், பந்தோடு ஓடுபவனைப் பிடித்து வீழ்த்தும் டாக்கிள் போடும்போது வலது தோள் கழன்றது. யூனிட்டின் மருத்துவ அறையான எம்.ஐ. ரூமில் நர்ஸிங் உதவியாளர் இழுத்துப் பொருத்தினார், துணியில் தொட்டில் கட்டினார், மூன்று நாள் ‘அட்டெண்ட் சி’, அதாவது ஓய்வு, எழுதினார். நாலாம் நாள் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனர் பிடித்தேன். கேட்டவர்களிடம் ஒன்றுமில்லை என்றேன்.

பல வருடம் கழித்து வெளியேறும்போது நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் என் கையைத் தூக்கச் சொன்னார். தோள் உயரத்தில் கை நின்றுவிட்டது. எப்போது நடந்தது என்றார், சொன்னேன். காயம் அறிக்கை எங்கே என்றார். அப்படி ஒன்று இல்லை. எம்.ஐ. ரூம் பதிவேட்டில் ஒரு வரி இருந்திருக்கலாம், அந்தப் பதிவேடே அப்போது இல்லை. பணியோடு தொடர்பில்லை என்று எழுதினார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர் கையில் காகிதம் இல்லை.

விதி நமக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. படை அதிகாரிகளின் ஏற்பாட்டிலும் அனுமதியிலும் நடக்கும் போட்டியில் படை அணிக்காக ஆடும்போது ஏற்படும் காயம் பணியில் இருக்கும்போது ஏற்பட்டதாகவே கருதப்படும். விடுமுறையில் ஊர் மைதானத்தில் நண்பர்களோடு ஆடி உடைத்துக்கொண்டால் அது கணக்கில் வராது. எந்த வகை என்பதைக் காட்ட வேண்டியது காகிதம்:

- ஐ.ஏ.எஃப்.ஒய். 2006 என்ற காயம் அறிக்கை. காயமான உடனே போட வேண்டியது. அணி மேலாளரிடம் கேட்டு வாங்குங்கள், அவர் தானாகச் செய்வார் என்று காத்திருக்காதீர்கள்.
- நீங்கள் அந்தப் போட்டிக்கு அனுப்பப்பட்டதற்கான உத்தரவு. அணிப் பட்டியலில் உங்கள் எண்ணும் பெயரும் இருக்க வேண்டும்.
- இராணுவ மருத்துவமனையின் கேஸ் ஷீட், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சீட்டு.
- விசாரணை நடந்திருந்தால் அதன் நகல்.

ஊனத்துக்கான பென்ஷன் பகுதி பெற மதிப்பீடு குறைந்தது 20 சதவீதம் இருக்க வேண்டும், அது பணியால் வந்தது அல்லது பணியால் மோசமானது என்று மருத்துவ போர்டு ஏற்க வேண்டும். முழங்கால், தோள், கழுத்து, முதுகு நான்கையும் சொல்லுங்கள். மெக்கானிக்குகள் காதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மூடிய ஷெட்டில் டீசல் இன்ஜினை ஓடவிட்டு 15 வருடம் நின்றவனின் காதுக்கு ஆடியோகிராம் கேட்பது பேராசை இல்லை. வெளியேறும் பரிசோதனைப் படிவமான ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப். 16இல் உங்களிடம் கேள்வி கேட்கும் பகுதி ஒன்று இருக்கிறது. சீக்கிரம் ஊருக்குப் போகும் அவசரத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவதுதான் நான் பார்த்த மிகப் பெரிய தவறு. நிராகரித்தால் மேல்முறையீடு உண்டு. காலவரம்பு கடிதத்தில் இருக்கும், அதைத் தாண்டவிடாதீர்கள்.

இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு: தலையில் அடிபட்டு மயக்கமோ குழப்பமோ வந்தால் அதற்கும் அறிக்கை போடுங்கள். அன்று மறுபடி மைதானத்தில் இறங்காதீர்கள்.

3. டிரேடைச் சான்றிதழாக மாற்றுங்கள்

நம் டிரேடில், அதாவது படையில் செய்த தொழிலில், கிளாஸ் ஒன் வெஹிகிள் மெக்கானிக் என்றால் யூனிட்டில் மரியாதை. வெளியே ஒரு எச்.ஆர். அதிகாரிக்கு அது கண்டக்டர் லைசென்ஸா, ரயில் டிக்கெட்டா என்று தெரியாது. மூன்று காரியம் செய்யுங்கள்.

முதலில், டிஸ்சார்ஜ் புத்தகத்தில் டிரேடு, கிளாஸ், செய்த கோர்ஸ்கள் எல்லாம் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தப் புத்தகம் கையில் வந்த பிறகு திருத்துவது பெரும் பாடு. நடத்தை என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள், செக்யூரிட்டி வேலைக்குக்கூட அதைத்தான் முதலில் புரட்டுவார்கள். கோர்ஸ் சான்றிதழ்களின் அசல்களை யூனிட் கோப்பிலிருந்து நகலெடுத்து, அதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள்.

இரண்டாவது, சிவிலில் செல்லுபடியாகும் ஒரு சான்றிதழ். ஐ.டி.ஐ. படிக்காமல் சேர்ந்தவர்கள் தனித் தேர்வராக அகில இந்தியத் தொழில் தேர்வு எழுதி தேசியத் தொழிற்சான்றிதழ் பெற வழி இருக்கிறது. அதற்கு நேரமில்லை என்றால், வாகனத் துறைக்கான திறன் கவுன்சில் வழியாக ‘முன்கற்றலை அங்கீகரித்தல்’ என்ற மதிப்பீடு. சில நாள் அறிமுகம், பிறகு செய்முறைத் தேர்வு, சான்றிதழ். அதை மட்டும் வைத்து வேலை தரமாட்டார்கள். இல்லாவிட்டால் விண்ணப்பத்தைத் திறந்தே பார்க்காத இடங்கள் இருக்கின்றன.

மூன்றாவது, கடைசி வருடத்தில் டி.ஜி.ஆர். என்ற படைவீரர் மறுவாழ்வு இயக்குநரகம் தரும் பயிற்சி. பட்டியல் யூனிட்டுக்கு வரும், இடங்கள் குறைவு. ‘சும்மா இரண்டு மாதம் ஊர்ப்பக்கம் இருக்கலாம்’ என்று எதையாவது எடுத்துக்கொள்வது வழக்கம். நானும் அப்படித்தான் எடுத்தேன், அந்தச் சான்றிதழ் இன்றும் பீரோவில் இருக்கிறது. வாகன மின்னணுவியல், கனரக இயந்திரங்கள் பக்கமாக ஏதாவது இருந்தால் அதைப் பிடியுங்கள். ஏன் என்பது 8ஆம் படியில்.

4. ஓட்டுநர் உரிமம்: கணக்கு பின்னாலிருந்து

இராணுவத்தில் ஓட்ட வாங்கிய உரிமம் பாதுகாப்புத் துறை வாகனங்களுக்கு மட்டும்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 18ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒர்க்‌ஷாப்பில் வண்டியைப் பழுது பார்த்து ரோட்டில் ஓட்டிப் பார்க்காமல் எப்படி ஒப்படைப்பது? சிவில் உரிமம் இல்லாமல் விபத்து ஆனால் இன்சூரன்ஸ் கைவிரிக்கும்.

இதில் காலக் கணக்கு முக்கியம். லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனத்துக்குப் பழகுநர் உரிமம் பெற, இலகு ரக வாகன உரிமம் வாங்கி ஒரு வருடம் ஆகியிருக்க வேண்டும். அதனால் வெளியே வருவதற்கு இரண்டு வருடம் முன்பு, ஒரு விடுமுறையில் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காருக்கான உரிமத்தை எடுத்துவிடுங்கள். கடைசி வருட விடுமுறையில் கனரகம். போக்குவரத்து வாகன உரிமம் 5 வருடத்துக்குச் செல்லும்.

5. பென்ஷனும் கம்யூட்டேஷனும்

சிப்பாய் முதல் ஹவில்தார் வரை சர்வீஸ் பென்ஷனுக்குக் குறைந்தது 15 வருடம். ஊரில் அவசரம் என்று 13, 14 வருடத்தில் வெளியேற விண்ணப்பிப்பவர்களை இன்றும் பார்க்கிறேன். எந்த அவசரமாக இருந்தாலும் கம்பெனி கமாண்டரிடம் பேசுங்கள், விடுமுறை கேளுங்கள், அந்த விண்ணப்பத்தை மட்டும் போடாதீர்கள்.

கடைசி நாளில் கையில் வருவது பலதும் சேர்ந்த தொகை: கிராஜுவிட்டி, சேமநிதி, இராணுவக் குழுக் காப்பீடான ஏ.ஜி.ஐ.எஃப். முதிர்வு, அதிகபட்சம் 300 நாள் வரை சேர்த்த விடுப்புக்கான பணம், கம்யூட்டேஷன். ஒவ்வொன்றும் தனித்தனி நாளில், தனித்தனிப் பெயரில் வரவு ஆகும். ஒரு நோட்டில் எழுதி, எது வந்தது எது வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு மனைவியோடு கூட்டாக இருக்க வேண்டும்.

கம்யூட்டேஷன் என்பது பென்ஷனில் ஒரு பகுதியை விற்று மொத்தமாக வாங்குவது. நமக்கு 50 சதவீதம் வரை விற்கலாம். விற்ற பகுதி 15 வருடம் கழித்துத் திரும்பும். அகவிலைப்படி விற்றது போக மீதிக்கு இல்லை, முழு அடிப்படைப் பென்ஷனுக்கும் சேர்த்தே கணக்கிடப்படும். இது தெரியாமல் பயந்தவர்கள் உண்டு. வெளியேறி ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் மருத்துவப் பரிசோதனை தேவையில்லை. விற்கலாமா? வீட்டுக்கடன் வட்டி ஓடிக்கொண்டிருந்தால் விற்று அடையுங்கள். மச்சான் சொன்ன மனைக்காக என்றால் வேண்டாம். பணம் வரப்போகும் தேதி உங்களைவிட ஊரில் உள்ள புரோக்கருக்கு நன்றாகத் தெரியும்.

ஈ.சி.ஹெச்.எஸ்.ஸுக்கு ஒருமுறை கட்டும் சந்தா ஹவில்தார் வரை 30,000 ரூபாய். நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000. பதவி உயராமலே ஊதிய நிலை உயரும் எம்.ஏ.சி.பி. வழியாக நாயப் சுபேதார் நிலை ஊதியம் பெறுபவர்களும் 67,000 கணக்கில்தான் வருவார்கள். தோளில் ஹவில்தாரின் மூன்று பட்டைதானே இருக்கிறது, 30,000தான் என்று எண்ணிக்கொண்டிருந்த ஒருவர் பிடித்த தொகையைப் பார்த்து என்னிடம் சண்டைக்கே வந்தார். பெற்றோரைச் சேர்க்க அவர்களுடைய மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த அளவுக்குள் இருக்க வேண்டும், வருமானச் சான்று கையில் வேண்டும்.

பென்ஷன் தொடர வருடத்துக்கு ஒருமுறை ஆயுள் சான்று. இப்போது இது கைப்பேசியிலேயே முடியும், பொதுச் சேவை மையத்திலும் செய்யலாம். தவறினால் பென்ஷன் நின்றுவிடும், அப்புறம் ஓடித்தான் ஆக வேண்டும்.

6. ஊருக்கு வந்த முதல் 30 நாள்

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு முதல் வாரத்திலேயே போங்கள். அசல் டிஸ்சார்ஜ் புத்தகம், பென்ஷன் ஆணை, ஆதார், பான், மனைவியோடு எடுத்த கூட்டுப் புகைப்படம், கல்விச் சான்றுகள், ஒவ்வொன்றிலும் மூன்று நகல். முன்னாள் படைவீரர் அடையாள அட்டைக்கும் வேலைவாய்ப்புப் பதிவுக்கும் ஒரே நாளில் கொடுத்துவிடலாம். வேலைவாய்ப்பில் மூப்பு பதிவு செய்த நாளிலிருந்துதான் எண்ணப்படும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ‘கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துட்டுப் போறேன்’ என்று ஆறு மாதம் விட்டவன் நான்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தின் அசலை யாரிடமும் விட்டு வராதீர்கள். வேலை தருகிறேன் என்று அசலை வாங்கி வைத்துக்கொள்ளும் செக்யூரிட்டி நிறுவனத்தை விட்டு நகருங்கள்.

7. அரசு வேலை

மத்திய அரசின் குரூப் சி பணிகளில் 10 சதவீதம் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கீடு. வயதுக் கணக்கு இப்படி: உங்கள் வயதிலிருந்து சர்வீஸ் வருடங்களைக் கழியுங்கள். மிச்சம், அந்தப் பணிக்கான உச்ச வயதைவிட 3 வருடத்துக்கு மேல் தாண்டக் கூடாது. 36 வயது, 17 வருட சர்வீஸ் என்றால் மிச்சம் 19, தாராளமாகப் போதும். பத்தாம் வகுப்பும் 15 வருட சர்வீஸும் இருந்தால், தொழில்நுட்பத் தகுதி தேவைப்படாத குரூப் சி பணிகளுக்குப் பட்டப்படிப்புக்கு இணையாக எடுத்துக்கொள்வார்கள். பணி முடிய ஒரு வருடத்துக்குள் இருக்கும்போதே, யூனிட்டின் சான்றோடு விண்ணப்பிக்கலாம்.

பொறி ஒன்று இருக்கிறது. இந்த ஒதுக்கீட்டில் ஒரு சிவில் அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் அடுத்த வேலைக்கு ஒதுக்கீடு கிடையாது. வேறு பணிகளுக்கும் ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தால், சேரும் நாளிலேயே அந்த விண்ணப்பங்களின் விவரத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். கிடைத்த முதல் வேலையில் வாய் திறக்காமல் உட்கார்ந்துவிட்டு, பிறகு நல்ல வேலையின் முடிவு வரும்போது தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் டெக்ஸ்கோ என்ற முன்னாள் படைவீரர் கழகம் காவலர், ஓட்டுநர் வேலைகளுக்கு ஆள் எடுக்கிறது. மெக்கானிக் வேலை தேடும் இடைக்காலத்தில் உதவும்.

8. தனியார் சர்வீஸ் சென்டர்

இந்த இடத்தில்தான் என் கர்வம் உடைந்தது. முதல் வாரம் ஒரு லாரி வந்தது, ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று புகார். நான் வழக்கம்போல நீண்ட ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன். பம்ப் சத்தம் சரி, வால்வ் சரி. டர்போ ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். அரைமணி நேரம் போனது. 23 வயசுப் பையன் ஒருவன் வந்தான், ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரின் ஒயரைச் செருகினான், திரையைப் பார்த்தான். ‘அண்ணே, டெஃப் தரம் சரியில்லைன்னு எரர் கோடு வருது, அதான் பவரைக் குறைச்சிருக்கு’ என்றான். டிரைவர் எங்கேயோ டெஃப் என்ற யூரியா கரைசலில் தண்ணீர் கலந்து ஊற்றியிருந்தார்.

2020 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகள் எல்லாம் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படிதான். டீசல் கனரக வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்ய 32.5 சதவீத யூரியா கரைசல் தேவை. அது தீர்ந்தாலோ கெட்டாலோ இன்ஜின் தானே பலத்தைக் குறைத்துக்கொள்ளும். சென்சார்கள், ஒயரிங், காமன் ரெயில் அழுத்தம் என்று பழுதின் பாதி இப்போது மின்சாரத்தில் இருக்கிறது. யூனிட்டில் நாம் பெரும்பாலும் கையாண்டது பழைய தலைமுறை இன்ஜின்கள். அதற்காகத் தாழ்வு மனப்பான்மை வேண்டாம். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஃபோர் வீல் டிரைவ், மீட்புப் பணி இவற்றில் அந்தப் பையன்கள் நம்மிடம்தான் வருவார்கள். ஆனால் மல்டிமீட்டரையும் ஸ்கேனரையும் பழகாமல் மேலே போக முடியாது. நான் அந்தப் பையனுக்குக் கிளட்ச் ஓவர்ஹால் சொல்லிக் கொடுத்தேன், அவன் எனக்கு ஸ்கேனர் சொல்லிக் கொடுத்தான். ஆறு மாதம் ஆனது.

தன்விவரக் குறிப்பில் இராணுவ பாஷை வேண்டாம். ‘எல்.ஏ.டி.யில் 60 பி வெஹிகிள், வி.ஓ.ஆர். குறைத்தேன்’ என்று எழுதினால் யாருக்கும் புரியாது. ‘60 கனரக, இலகு ரக வாகனங்களின் பராமரிப்பு அட்டவணையைப் பார்த்தேன், பழுதாகி நிற்கும் வண்டிகளைக் குறைத்தேன், என் கீழ் 8 மெக்கானிக்குகள், உதிரிபாகக் கணக்கும் என் பொறுப்பு’ என்று எழுதுங்கள். மெக்கானிக் என்று போனால் புதியவன் சம்பளம் சொல்வார்கள். சூப்பர்வைசர், உதிரிபாகப் பொறுப்பாளர், பணிமனைப் பயிற்றுநர் என்று கேளுங்கள். யூனிட் பெயர், பணிபுரிந்த எல்லைப் பகுதிகள், ஒர்க்‌ஷாப் புகைப்படங்கள் எதையும் சேர்க்காதீர்கள்.

எங்கே தேடுவது? ஓசூர், ஒரகடம் பக்கம் வாகனத் தொழிற்சாலைகள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும். ரிக் வண்டிக்காரர்களுக்கு ஆர்மி மெக்கானிக் என்றால் தனிப் பிரியம், காட்டில் நின்ற வண்டியை அங்கேயே சரிசெய்பவன் அவர்களுக்கு வேண்டும்.

9. சொந்த ஒர்க்‌ஷாப்

முதல் வருடம் வேண்டாம் என்பது என் கருத்து. ஒருவரிடம் வேலை பார்த்து, வாடிக்கையாளர் கடன் சொல்வது எப்படி, உதிரிபாகக் கடைக்காரரின் கமிஷன் எப்படி என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இறங்கினால் உத்யம் என்ற சிறுதொழில் பதிவு முதலில். அரசுத் தளத்தில் இதற்குக் கட்டணமே கிடையாது. அதே போலத் தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் ஆயிரக்கணக்கில் வாங்கும், நான் ஒன்றில் மாட்டி 1,500 ரூபாய் இழந்தேன். ஜி.எஸ்.டி. பதிவு, சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்போது கட்டாயம். உள்ளாட்சியின் தொழில் உரிமம் வேண்டும். பழைய ஆயிலை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும், சாக்கடையில் விட்டால் அபராதம் உங்களுக்கு.

கடனுக்கு மத்திய அரசின் சுயதொழில் திட்டமான பி.எம்.இ.ஜி.பி. நல்லது. சேவைத் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 20 லட்சம் வரை. முன்னாள் படைவீரர் சிறப்புப் பிரிவில் வருவதால் சொந்தப் பணம் 5 சதவீதம் போதும். மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். கிராமத்தில் 8 லட்சம் திட்டம் என்றால் உங்கள் பங்கு 40,000, மானியம் 2,80,000. மானியம் கையில் வராது, வங்கியில் மூன்று வருடம் வைப்பாக இருந்து பிறகு கடனில் கழியும். புதிய தொழிலுக்கு மட்டும்தான் இது. அவசரப்பட்டு ஷெட் போட்டு, போர்டு மாட்டி, பிறகு விண்ணப்பித்தால் நிராகரிப்பார்கள். தமிழக அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்திலும் ஒரு கோடி வரை கடன், 30 சதவீத மானியம், 3 சதவீத வட்டிச் சலுகை இருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் இரண்டையும் ஒப்பிட்டுக் கேளுங்கள்.

கருவிகளில் கஞ்சத்தனம் வேண்டாம், ஆடம்பரமும் வேண்டாம். எனக்கு சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், ஜாக், ஸ்டாண்டு, கம்ப்ரஸர் என்று ஆரம்பித்தபோது ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் ஆனது. ஸ்கேனரை மட்டும் ஆறு மாதம் தள்ளிப்போட்டு வாங்கினேன்.

10. ரக்பியை என்ன செய்வது

ரக்பி சோறு போடாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சில இடங்களில் கதவைத் திறக்கும்.

மத்திய அரசின் விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியல் 2020இல் 43இலிருந்து 63 விளையாட்டாக விரிந்தபோது ரக்பியும் அதில் சேர்ந்தது. இதற்கு யூனிட் கோப்பையோ கமாண்ட் போட்டியோ போதாது. தேசியப் போட்டியில் முப்படைகளின் சர்வீசஸ் அணிக்கோ மாநிலத்துக்கோ, அல்லது நாட்டுக்கோ ஆடியிருக்க வேண்டும். சான்றிதழ் குறிப்பிட்ட படிவத்தில், உரிய சங்கத்தின் செயலர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். கோப்பையோடு எடுத்த புகைப்படமும் பங்கேற்புச் சான்றும் இருந்தும், படிவம் இல்லாமல் திரும்பிய நண்பன் ஒருவன் எனக்கு உண்டு. அணியில் இருக்கும்போதே படிவத்தை நிரப்பி வாங்குங்கள். அணி மேலாளர் மாறிப் போனால் உங்களை யாருக்கும் தெரியாது.

பயிற்சியாளராக விரும்பினால் வேர்ல்ட் ரக்பியின் இணையப் பாடங்களில் ஆரம்பியுங்கள், இலவசம். ‘ரக்பி ரெடி’, தலைக்காயம், முதலுதவிப் பாடங்களை முடித்துக்கொண்டு, தேசிய சங்கம் நடத்தும் லெவல் ஒன் வகுப்புக்கு விண்ணப்பியுங்கள். பள்ளியில் நிரந்தர உடற்கல்வி ஆசிரியராக வேண்டுமானால் அதற்கு உடற்கல்விப் பட்டம் தனியாக வேண்டும். லெவல் ஒன் வைத்துக்கொண்டு கிடைப்பது மாலை நேரப் பயிற்சியும், பெட்ரோல் காசு போகக் கொஞ்சமும்தான்.

நான் இப்போது சனி, ஞாயிறு காலை பள்ளிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். டாக்கிள் எப்படிப் போடுவது என்று காட்டும்போது இடது தோளால் காட்டுவேன். வலது தோளைப் பற்றி அவர்கள் கேட்டால் சொல்லிவிட்டு, மைதானத்தின் ஓரத்தில் பையில் வைத்திருக்கும் நோட்டையும் காட்டுவேன்: தேதி, மேட்ச், பையன் பெயர், எங்கே அடி, யார் பார்த்தது, எந்த டாக்டர். தலையில் அடி என்றால் குறைந்தது 21 நாள் கழித்துத்தான் மறுபடி மேட்ச், அதையும் அதே வரியில் எழுதி, அப்பா அல்லது அம்மாவின் கையெழுத்து வாங்கிவிடுவேன்.